டெஸ்ட் படங்களை இணையத்திலிருந்து இறக்கினால் உரிமப் பிரச்சினை வருமா?

உவர்மலைக்காரன்:
வணக்கம். பெயர்ப்பலகைப் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படித்தெடுக்கும் சின்ன பைத்தான் பேக்கேஜ் ஒன்று எழுதியிருக்கிறேன், உரிமம் ஜிபிஎல் 3 (யாரும் தொழிலுக்கும்கூடப் பயன்படுத்தலாம் என்னும் கட்டற்ற உரிமம்). நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஓடும்போது வெளித்தளம் ஒன்றிலிருந்து 180 எம்பி படம் இறங்கும். திருகோணமலையில் மழை பிடித்தால், போன் டேட்டாவில் அது பாதியில் நின்று எல்லா டெஸ்டும் சிவப்பாகிவிடும். இப்போது நண்பர் ஒருவர் இதை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்கப் பார்த்தார், பேக்கேஜைக் கட்டும் பில்டே தோற்றுவிட்டது. படங்களுக்குக் கீழே "ஆய்வுக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறது. நான் அவற்றைப் பேக்கேஜுக்குள் வைக்கவில்லையே, இதில் உரிமம் எங்கே வருகிறது?

பழைய_டெபியன்:
தம்பி, இது இரண்டு வேறு விஷயம். டெபியனின் முதன்மைத் தொகுப்பான மெயினுக்குப் போகும் பேக்கேஜ் பில்ட் ஆகும்போது இணையத்தைத் தொடக்கூடாது, அது அவர்களுடைய கொள்கையிலேயே உண்டு. படத்தின் உரிமம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே தோற்கும். கட்டி முடித்த பேக்கேஜைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்டில் "நீட்ஸ்-இன்டர்நெட்" (இணையம் வேண்டும்) என்று குறித்துத் தனியாக ஓட்டலாம். உரிமத்துக்கு வந்தால், நீங்கள் படத்தைப் பகிரவில்லை என்பது சரிதான், ஆனால் உங்கள் மென்பொருளைத் தொழிலுக்கு எடுக்கும் ஒருவர் டெஸ்டை ஓட்டினால், ஜிபிஎல் அவருக்குத் தந்த அனுமதியைப் படம் தரவில்லை, அவருக்கு அது தெரியவும் தெரியாது. அதற்காகப் படங்களைத் தூக்கி உள்ளே போட்டுவிடாதீர்கள், அது இன்னும் மோசம். "வணிகத்துக்கு அல்ல" என்ற உரிமமும் டெபியன் கணக்கில் கட்டற்றது இல்லை.

நிலாவெளி_அக்கா:
180 எம்பி எதற்கு? பத்துப் பன்னிரண்டு படம் போதும், அதையும் நீங்களே எடுங்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே மும்மொழிப் பலகைகள் கிடைக்கும். சிறிதாக்கி, சிசி0 (எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் உரிமம்) என்று எழுதி உள்ளேயே வையுங்கள். கடைப் பலகையில் போன் நம்பர் இருந்தால் முதலிலேயே மறைத்துவிடுங்கள், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் கிட் வரலாற்றில் ஏறிய பிறகு எடுப்பது பெரிய பாடு.

பெரிய தொகுப்பும் வேண்டுமென்றால் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா256 (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்) எழுதி வையுங்கள். எனக்கு ஒருமுறை தரவுத் தளம் இடம் மாறிவிட்டது. 404 (பக்கம் இல்லை) வந்திருந்தால் பரவாயில்லை, 200 (எல்லாம் சரி) என்று சொல்லி ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியது. அதைப் படம் என்று நம்பி அரை நாள் என் நிரலில் பிழை தேடினேன்.

உவர்மலைக்காரன்:
நன்றி அக்கா, அண்ணா. பெரிய டெஸ்டைத் தனிக் கட்டளையாக்கி, "ஆய்வுக்கு மட்டும்" என்பதை ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் போடுகிறேன். சும்மா ஓட்டினால் அது தாண்டிப் போய்விடும். ஆனால் நம்பர் இல்லாத கடைப் பலகைக்கு நான் எங்கே போவேன்?

நிலாவெளி_அக்கா:
வீதிப் பெயர்ப்பலகையை எடுங்கள்.