மறு: ஆர்தர் கட்டுரைக்குக் கலைச்சொல்: கதைப்படிவா, கதையேற்றமா?

> 'லெஜண்டரி அக்ரீஷன்' (ஒருவர் பெயரின் மேல் காலப்போக்கில் கதைகள் சேர்வது) என்பதற்குக் 'கதைப்படிவு' போதுமே. ஆற்றில் வண்டல் சேர்வதுபோலத் தானே சேர்வதுதானே கதையும்?

ஐயா, வணக்கம். பிரித்தானியப் பழங்கதைகளின் அரசர் ஆர்தர் விஷயத்தில் தானாகச் சேர்ந்தது கொஞ்சம்தான். 6ஆம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ், பிரித்தானியர் சாக்சன்களை வென்ற பேடன் மலை முற்றுகையை எழுதுகிறார்; ஆர்தர் என்ற பெயரே அவர் நூலில் கிடையாது. 731இல் தன் வரலாற்றை எழுதி முடித்த ஆங்கிலத் துறவி பீட் (Bede) என்பவரும் ஆர்தரைப் பற்றி வாய் திறக்கவில்லை. சுமார் 830இல் வேல்ஸில் தொகுக்கப்பட்ட 'பிரித்தானியர் வரலாறு' 12 போர்களை அடுக்கி, பேடனில் ஒரே பாய்ச்சலில் 960 பேரை ஆர்தர் தனியாளாகச் சாய்த்தார் என்கிறது. அங்கும் அவர் அரசரல்லர், அரசர்களோடு நின்று போரிட்ட படைத்தலைவர். 1136 வாக்கில் மன்மத் ஊர் ஜெஃப்ரி தன் நூலில் அவரை மாமன்னராக்கி ஐரோப்பாவையே வெல்ல வைத்தார். வட்ட மேசை 1155இல் நார்மன் கவிஞர் வேஸ் எழுதிய பாட்டில்தான் வருகிறது.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்தைப் பாருங்கள். 1184இல் தீப்பிடித்து மடம் அழிந்தது. திரும்பக் கட்டப் பணம் வேண்டும். 1191 வாக்கில் துறவிகள் தோண்டினார்கள்; ஆர்தரின் எலும்பும், பெயர் பொறித்த ஈயச் சிலுவையும் 'கிடைத்தன'! ஆர்தர் திரும்பி வருவார் என்று காத்திருந்த வேல்ஸ்காரர்களுக்கு அவர் கல்லறையைக் காட்டுவது இங்கிலாந்து அரசர்களுக்கும் தோதாக இருந்தது. 1278இல் முதலாம் எட்வர்டு நேரில் வந்து அதைத் திறக்கச் செய்தார். இதைப் போய்ப் படிவு என்பதா?

'இடைச்செருகல்' என்றும் ஒருவர் சொன்னார். அது ஒரு நூலுக்குள் நுழைப்பது. இங்கே ஒரே பெயரின் மேல் புதுப்புது நூல்கள் எழுகின்றன.

என் பரிந்துரை 'கதையேற்றம்'. இல்லாததை ஏற்றிச் சொல்கிறான் என்று பேச்சிலேயே இருக்கிறது. தானாக வந்ததைக் 'கதை ஏறிய' என்றும், வேண்டுமென்றே செய்ததைக் 'கதை ஏற்றிய' என்றும் பிரித்து எழுதலாம். படிவில் இந்த வசதி இல்லை.

அன்புடன்.

----

> என் பரிந்துரை 'கதையேற்றம்'.

விலையேற்றம் மாதிரி ஒலிக்கிறது, இருந்தாலும் ஏறிய/ஏற்றிய பிரிவுக்காக ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் இன்னொரு சொல்தான் உறுத்துகிறது: 'வரலாற்றுக் கரு'. கரு என்றாலே உள்ளே ஓர் உண்மை மனிதர் இருந்தே தீர வேண்டும் என்றாகிவிடும். கில்டாஸ் பெயர் சொல்லும் அம்புரோசியஸ் அவ்ரேலியானுஸ், 470 வாக்கில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் போரிட்ட ரியோதாமஸ், அவர்களுக்கு வெகுகாலம் முந்திய ரோமானிய அதிகாரி லூசியஸ் ஆர்தோரியஸ் காஸ்டஸ் என்று ஆளுக்கொருவரைக் காட்டுகிறார்கள். மூவரில் எவருக்கும் முடிவான சான்றில்லை. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்னும் ஆய்வாளர்களும் உண்டு. ஆகவே கருதுகோள் போலக் 'கருதுமூலம்' என்று வைத்தால் என்ன? அந்த மூவரும் ஆர்தரின் கருதுமூலங்கள் என்று எழுதலாம். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.