டியூட்டி பெல்ட்: தோலா, நைலானா? 12 மணி நேரம் இடுப்பில் சுமப்பவர்கள் சொல்லுங்கள்

ஜோகூர்க்காரன் | திங்கள், இரவு 9.50

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். துணைப் போலீஸ் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. விடிகாலை 4 மணிக்கு ஜோகூரில் கிளம்பிப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வந்து, 12 மணி நேரம் பெரும்பாலும் நின்றபடிதான் வேலை. துப்பாக்கி, கைவிலங்கு, ரேடியோ எல்லாம் மாட்டிக்கொள்ளக் கொடுத்த டியூட்டி பெல்ட் நைலான். மூன்றாம் மாதமே ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இருக்கும் பக்கம் வாழை இலை மாதிரி மடிந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. தொங்காமல் இருக்க இறுக்கிக் கட்டினால் வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது. சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளலாம், கறுப்பு நிறமாக, எழுத்து எதுவும் இல்லாமல் இருந்தால் போதும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கையில் 150 வெள்ளி இருக்கிறது. தோல் வாங்கட்டுமா, வேறு நல்ல நைலான் வாங்கட்டுமா?

பழையதோல் | திங்கள், இரவு 10.15

தம்பி, யோசிக்கவே வேண்டாம். தோல். நான் 1981 இல் போலீஸில் சேர்ந்தவன். 1969 இல் காக்கி போய் நீலச் சீருடை வந்ததை நேரில் பார்த்த மூத்தவர்களிடம் வேலை கற்றவன். ஒரே தோல் பெல்ட்டை 22 வருஷம் கட்டினேன். இரண்டு அடுக்கு மாட்டுத்தோல், ஓரம் முழுக்கத் தையல். முதல் ஆறு மாதம் இடுப்பைக் கடிக்கும். அப்புறம் உன் இடுப்பின் வளைவு அப்படியே அதில் பதிந்துவிடும். இன்னும் என் அலமாரியில் மாட்டியிருக்கிறது, என் வடிவத்திலேயே!

நைலான்மணி | திங்கள், இரவு 10.40

அண்ணே, அலமாரியில் மாட்டியிருப்பது பெல்ட் மட்டும்தானா, பூஞ்சணமும் சேர்ந்தா? சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். இரண்டு வாரம் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டு வந்தால் தோல் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். மழையில் நனைந்தால் பாதி நாள் காயாது, வெயிலில் போட்டால் வெடிக்கும்.

தம்பியின் பெல்ட் தொங்குவது நைலான் என்பதால் இல்லை. மட்டமான நைலான் என்பதால். நல்ல பெல்ட்டில் இரண்டு நைலான் அடுக்குக்கு நடுவே கெட்டியான பிளாஸ்டிக் பட்டை ஒன்று ஓடும். அதுதான் எடையைத் தாங்குகிறது. கடையில் வாங்கும்போது ஈரத்துணி பிழிவதுபோல் இரண்டு கையாலும் முறுக்கிப் பார். சுலபமாக முறுகினால் அங்கேயே வைத்துவிட்டு வா.

பழையதோல் | திங்கள், இரவு 10.52

காண்டோ அடுக்குமாடி வாசலில் சாவிக்கொத்தும் வாக்கிடாக்கியும் தொங்கவிட்டு நிற்பவருக்கு எடை பற்றி என்ன தெரியும்? துப்பாக்கி கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பூஞ்சணம் வராமல் இருக்க மாதம் ஒரு தடவை துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் காட்டவேண்டும், அவ்வளவுதான். அலமாரியில் தண்ணீர் உறிஞ்சும் டப்பா ஒன்று. நீர்யானைப் படம் போட்டது ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் கிடைக்கிறது.

நைலான்மணி | திங்கள், இரவு 11.05

துப்பாக்கி கட்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷமாக இடுப்பில் பெல்ட் கட்டுகிறேன், நாலு வகை மாற்றிவிட்டேன். எண்ணெய் விஷயத்திலும் தம்பியைத் தப்பாகத் திருப்பாதீர்கள். அதிகமாக எண்ணெய் காட்டினால் தோல் நொந்து வெற்றிலை மாதிரி ஆகிவிடும், அப்புறம் அதுவும் தொங்கும்.

தேக்காமல்லி | செவ்வாய், காலை 7.20

இரவு ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். அண்ணன்மார் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க எதில் செய்தது என்றே சண்டை போட்டிருக்கிறீர்கள். தம்பி கேட்டதில் பாதி மரத்துப்போவதைப் பற்றி. அதை ஒருவரும் தொடவில்லை.

தம்பி, இடுப்பின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு இருக்கிறதல்லவா, அதற்குப் பக்கத்தில்தான் தொடையின் வெளித்தோலுக்குப் போகும் நரம்பு இறங்குகிறது. பெல்ட்டை இறுக்கினால் அது நசுங்கும். தொடை மரக்கும், சில நேரம் எரியும். மெரால்ஜியா பாரஸ்தெட்டிக்கா என்று வாயில் நுழையாத பெயர். எனக்கே வந்தது, பிசியோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உடனே தளர்த்து. ஓரிரு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் போ. காலில் பலம் குறைந்தாலோ, முதுகிலிருந்து வலி இறங்கினாலோ ஓரிரு வாரமும் காத்திருக்காதே, அது வேறு விவகாரம்.

நீ ஏன் இறுக்குகிறாய்? உள் பெல்ட் கட்டுகிறாயா, இல்லையா? அதை முதலில் சொல்.

ஜோகூர்க்காரன் | செவ்வாய், மதியம் 1.10

உள் பெல்ட்டா? சாதாரண கால்சட்டை பெல்ட் கட்டி, அதன் மேல்தான் இதைக் கட்டுகிறேன் அக்கா. இரண்டு பெல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டன் வார், அதான் கீப்பர், இரண்டு கொடுத்தார்கள். ஒன்றின் பட்டன் பிய்ந்துவிட்டது.

தேக்காமல்லி | செவ்வாய், மதியம் 1.35

அதான் பார்த்தேன். ஒரே கீப்பரில் முழுப் பாரமும் தொங்கினால் இறுக்காமல் என்ன செய்வாய்?

வெளி பெல்ட் வழக்கமாக 57 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். உள் பெல்ட் 38. உள் பெல்ட்டின் வெளிப்பக்கம் முழுக்க வெல்க்ரோ, வெளி பெல்ட்டின் உள்பக்கமும் வெல்க்ரோ. உள்ளதைக் கால்சட்டைக் கண்ணிகளில் கோத்துக் கட்டிவிட்டு வெளியதை அதன் மேல் அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நாலு கீப்பர். இப்படிக் கட்டினால் பெல்ட் சுழலாது, இறங்காது, விரல் இரண்டு நுழையும் அளவுக்குத் தளர்வாக விட்டாலும் நிற்கும். உன் 150 வெள்ளியில் முதலில் இதை வாங்கு. வெளி பெல்ட் எந்தச் சரக்கு என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அளவெடுக்கும்போது ஜீன்ஸ் அளவைச் சொல்லாதே. சீருடை போட்டு, உள் பெல்ட் கட்டி, அதன் மேல் டேப் பிடித்து அளந்து சொல்.

பழையதோல் | செவ்வாய், மாலை 4.30

வெல்க்ரோவை நம்பாதே தம்பி. ஆறு மாதத்தில் நூலும் முடியும் அடைத்துக்கொண்டு ஒட்டவே ஒட்டாது. கழற்றும்போது வரும் சத்தம் இருக்கிறதே, புளோக்கில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

தேக்காமல்லி | செவ்வாய், மாலை 5.00

சேஃப்டி பின் வைத்து மாதம் ஒருமுறை கிளறி எடுங்கள் அண்ணே. எண்ணெய் காட்ட நேரம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

வந்ததற்கு இன்னொன்றும் சொல்கிறேன். நேராக வெட்டிய பெல்ட் பெண்கள் இடுப்பில் மேல் ஓரம் இடித்துக்கொண்டும் கீழ் ஓரம் விலகியும்தான் உட்காரும். வளைத்து வெட்டிய பெல்ட் இருக்கிறது, கேட்டு வாங்கவேண்டும். உயரம் குறைவானவர்களுக்குத் துப்பாக்கிப் பிடி விலாவில் குத்தும். ஹோல்ஸ்டரைச் சற்றுக் கீழே இறக்கும் பட்டை ஒன்று போட்டால் தீரும், ஆனால் அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். நான் கேட்டுக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

அப்புறம் கழிப்பறை. அண்ணன்மார் இதை யோசித்ததே இல்லை என்று பந்தயம் கட்டுவேன். நாலு கீப்பர், பக்கிள், உள் பெல்ட் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். கதவிலிருக்கும் கொக்கி பெல்ட்டைத் தாங்காது, தரை ஈரம், துப்பாக்கியைக் கண்ணைவிட்டு விலக்கக்கூடாது. கழற்றிய பெல்ட்டைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட தோழிகள் இருக்கிறார்கள். பெல்ட் தேர்வு செய்பவர்கள் ஒருநாள் இந்த வேலையைச் செய்து பார்க்கட்டும்.

நைலான்மணி | செவ்வாய், இரவு 8.15

அக்கா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எதில் செய்தது என்பது முக்கியமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தோல் மாதிரியே இருக்கும், துடைத்தால் போதும் என்று ஒரு செயற்கைத் தோல் விற்கிறார்கள். அதில் இரண்டு ஜாதி. நல்ல ஜாதி பல வருஷம் உழைக்கும். பாலியூரிதேன் பூச்சு போட்டது நம் ஊர் ஈரத்தில் தானாகவே சிதையும். கட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். என் கூட்டாளி ஒருவர் அடுத்த வருஷத்துக்கு ஆகட்டும் என்று ஒன்று வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக் கட்டிய முதல் நாளே கறுப்புச் செதில் செதிலாக உதிர்ந்து, சட்டையிலும் நாற்காலியிலும் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. பழைய காலணியின் அடிப்பாகம் திடீரென்று பிட்டுப் பிட்டாக விழுமே, அதே கதைதான்.

பாரத்துக்கு என் கட்சி வேறு. இடுப்பிலிருந்து பாதியை மேலே ஏற்றவேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகரப் போலீஸார் சிலரை வைத்து 6 மாதம் ஆராய்ந்தார்கள். ரேடியோ, கைவிலங்கு போன்றவற்றைச் சட்டை மேல் போடும் வெஸ்டுக்கு மாற்றியபோது இடுப்பு வலியும் கீழ்முதுகு வலியும் குறைந்தன. ஏன் இங்கேயும் எல்லாருக்கும் அப்படிச் செய்யக்கூடாது?

பழையதோல் | செவ்வாய், இரவு 8.50

தோளுக்குப் பாரத்தை ஏற்றுவது ஒன்றும் புதுசு இல்லை. இந்தியாவில் இருந்த சாமுவேல் பிரௌன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858 இல் சண்டையில் இடது கையை இழந்தார். ஒற்றைக் கையால் வாளை உருவ முடியாமல், தோளுக்குக் குறுக்கே ஒரு வார் போட்டுப் பெல்ட்டைத் தாங்கவைத்தார். அணிவகுப்பில் அதிகாரிகள் போடும் சாம் பிரௌன் பெல்ட் அதுதான். அதுவும் தோல், மணி!

வெஸ்டைப் பற்றிச் சொன்னது குளிர் ஊர்க் கணக்கு. மதியம் 2 மணிக்கு, 32 டிகிரியில், சாலையோரம் கனத்த வெஸ்ட் போட்டு நிற்கச் சொல்லுங்கள். முதுகு வலி போகும், ஆள் மயங்கி விழுவான்.

தேக்காமல்லி | செவ்வாய், இரவு 9.10

இதில் பழையதோல் அண்ணன் பக்கம்தான் நான். காரில் இருக்கிறவர்களுக்கு வெஸ்ட் சரி. வெயிலில் நிற்கிறவர்களுக்குச் சட்டைக்கு அடியில் போடும் மெல்லிய தோள் வார் போதும்.

இரவுக்கழுகு | புதன், அதிகாலை 3.25

ஹோல்ஸ்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. சுகம் பார்த்துப் பூட்டு குறைவான ஹோல்ஸ்டருக்கு ஆசைப்படாதே தம்பி. 2015 இல் ஈசூனில் ஒரு மருத்துவமனையில் கைதாகிப் போலீஸ் காவலில் இருந்த ஒருவர் அதிகாரியின் ரிவால்வரைப் பறிக்கப் பார்த்தார், குண்டு வெடித்து அதிகாரிக்குக் காயம். கொடுத்த ஹோல்ஸ்டரை மாற்றாதே. நீ மாற்றக்கூடியது பெல்ட், கீப்பர், சாமான் வைக்கும் பவுச் மட்டும்தான். விலங்கையும் சொந்தமாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று நினைக்காதே, அதற்கு அனுமதி வேண்டும்.

விலங்குப் பவுச் எங்கே வைத்திருக்கிறாய்?

ஜோகூர்க்காரன் | புதன், காலை 6.05

நடுமுதுகில் அண்ணே. எல்லாரும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

இரவுக்கழுகு | புதன், காலை 6.20

இன்றைக்கே மாற்று. இழுபறியில் மல்லாக்க விழுந்தால் இரும்பு நேராக முதுகெலும்பில் இறங்கும். நாற்காலியில் சாயும்போதெல்லாம் அது உன்னை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்டுவடத்துக்கு நேராக நாலு விரல் அகலம் காலியாக விடு. ரேடியோவைத் துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம் வை.

பழையதோல் | புதன், காலை 9.00

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். சரியான பேச்சு.

ஜோகூர்க்காரன் | வெள்ளி, இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. நேற்று வேலையிடத்தில் பார்சல் நிறுக்கும் தராசு காலியாக இருந்தது. துப்பாக்கியை ஒப்படைத்த பிறகு பெல்ட்டைத் தூக்கி அதில் வைத்தேன். 4.1 கிலோ. அவ்வளவு எப்படி என்று ஒவ்வொரு பவுச்சாகத் திறந்தால், ஒன்றில் என் பவர் பேங்க், இன்னொன்றில் வீட்டுச் சாவி, மோட்டார் சைக்கிள் சாவி, பூட்டு, சில்லறை. மலேசியச் சில்லறை வேறு. எடுத்து வைத்துவிட்டு நிறுத்தேன், 3.3.

விலங்கை இடப்பக்கம் பின்னால் தள்ளிவிட்டேன். கீப்பர் இரண்டு கூட்டாளியிடம் கடன் வாங்கியிருக்கிறேன். தொடை இன்று மதியம் வரை மரக்கவில்லை, சாயங்காலம் கொஞ்சம். நாளைக்கு விடுப்பு, பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தில் ராணுவச் சாமான் விற்கும் ஆர்மி மார்க்கெட்டுக்குப் போகிறேன். இணையத்தில் வாங்கினால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்துவிடுகிறது, முறுக்கியும் பார்க்க முடியாது.

நைலான்மணி | வெள்ளி, இரவு 10.41

800 கிராம் உன்னுடைய சொந்தச் சரக்கா! பெல்ட்டைத் திட்டினாயே தம்பி.

தேக்காமல்லி | வெள்ளி, இரவு 10.50

சீருடைக் கால்சட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு போ. கடைக்காரர் 34 என்பார், நீ டேப் போடு.

பழையதோல் | வெள்ளி, இரவு 11.02

தம்பி, இடுப்பளவு எவ்வளவு? 36 என்றால் என் பெல்ட்டை வந்து எடுத்துக்கொள். காசு வேண்டாம். பூஞ்சணம் இருக்கிறதா என்று மணிக்கு ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பு.