சாதா பெட்ரோலா, 95 ஆக்டேனா?

கேள்வி (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி, என்னுடையது டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பழைய 1.2 லிட்டர் கார். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது, மூன்றாவது கியரில் மிதித்தால் எஞ்சினில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி சத்தம். 95 போட்டால் சரியாகுமா?

பதில் (வண்ணார்பேட்டை மெக்கானிக்):
முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்க தம்பி. 91 ஆக்டேன் என்று இருந்தால் சாதா பெட்ரோலே போதும், கூடுதல் காசு வீண். ஆக்டேன் என்பது சக்தி இல்லை. அழுத்தத்தில் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு. ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு வாங்க. அப்புறமும் எஞ்சின் தட்டினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கணும், உள்ளே கரி படிந்திருக்கலாம். 95 அந்தச் சத்தத்தை அடக்கும், கரியை எடுக்காது.

பதில் (தென்காசி):
டர்போ வண்டிக்குக் கம்பெனியே 95 கேட்டால் மட்டும் யோசிக்காமல் போடுங்க. ஆக்டேன் குறைந்ததைப் போட்டால், எஞ்சின் தட்டுவதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை போயிரும்.

கேட்டவர்:
புத்தகத்தில் 91தான். சனிக்கிழமை பிளக்கோடு வாறேன் அண்ணாச்சி.