டன்னிலிருந்து கிலோநியூட்டனுக்கு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கட்டுமான ஆய்வக ஊழியர்:

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கான்கிரீட் க்யூப் (வலிமை பார்க்க வார்த்தெடுக்கும் கனசதுரம்) உடைக்க ஒரு பழைய இயந்திரம்தான் இருந்தது. டயலில் அளவு டன்னில் இருக்கும். சுமை ஏற ஏறக் கறுப்பு முள் சிவப்பு முள்ளைத் தள்ளிக்கொண்டே போகும். க்யூப் நொறுங்கியதும் கறுப்பு முள் விழுந்துவிடும். சிவப்பு மட்டும் உச்சத்தில் நிற்கும்.

அன்று எம்25 கலவை, அதாவது 28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்; 15 செ.மீ. க்யூப், 28ஆம் நாள். சிவப்பு முள் 57இல் நின்றது. பள்ளிப் பழக்கத்தில் பத்தால் பெருக்கி 570 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டேன். 22,500 சதுர மி.மீ. பரப்பால் வகுத்து, 25.3 என்று பதிவேட்டில் எழுதினேன். மூத்த பொறியாளர் பார்த்துவிட்டு, "தம்பி, 9.80665ஆல் பெருக்கிப் பார்" என்றார். 559 கிலோநியூட்டன் வந்தது. வகுத்தால் 24.8. குறியைத் தாண்டியிருந்த க்யூப் குறிக்குக் கீழே வந்துவிட்டது.

மூன்று க்யூபின் சராசரியைத்தானே எடுக்கிறோம் என்றேன். மூன்றிலும் அதே இரண்டு சதவீதம் கூடியிருந்தால் சராசரியிலும் அது அப்படியே இருக்கும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 9.78தான். ஆனாலும் கிலோகிராம் விசைக்கு, அதாவது ஒரு கிலோகிராமைப் புவி இழுக்கும் விசைக்கு, ஊருக்கு ஊர் எண்ணை மாற்றுவதில்லை. 1901இல் உலக நாடுகள் கூடி 9.80665 என்று நிலைநிறுத்திவிட்டன. பழைய வரைபடங்களில் எம்200 என்று பார்த்தால் அது சதுர செ.மீ.க்கு 200 கிலோகிராம் விசை. இன்றைய எம்20 என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டால் 19.6தான் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வந்தவர்:

எனக்குச் சிக்கல் எண்ணில் வரவில்லை, சொல்லில் வந்தது. 50 கிலோகிராம் பெட்டியின் நிறை 490 நியூட்டன் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நோட்டில் சிவப்பு மையால் சுழித்து அனுப்பியிருந்தார்கள். நாங்கள் படித்ததில் திணிவு கிலோகிராமில், நிறை நியூட்டனில். இங்கே கிலோகிராமில் இருப்பதுதான் நிறை; நியூட்டனில் இருப்பது எடை. இரண்டு பக்கமும் நல்ல தமிழ், இரண்டும் பாடநூல் தமிழ். பிள்ளைக்கு மதிப்பெண் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இப்போதெல்லாம் அவளிடம் முதலில் அலகைத்தான் கேட்கிறேன்.

இயற்பியல் ஆசிரியை:

ஒரு நியூட்டன் எவ்வளவு கனம் என்று கேட்கும் பிள்ளைகளின் உள்ளங்கையில் 100 கிராம் படிக்கல்லை வைப்பேன். இன்னும் இரண்டு கிராம் சேர்ந்தால் ஒரு நியூட்டன். பிறகு அதைச் சுருள்வில் தராசில் மாட்டித் தண்ணீருக்குள் இறக்குவேன். அளவு குறையும். "கல் அதேதானே டீச்சர், எது குறைந்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைய வகுப்பு முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போயிற்று.