பயனர் ஆய்வை எப்போது நிறுத்துவது? பூ விவசாயிகளுக்கான செயலி குறித்து ஒரு சந்தேகம்

கேள்வி:
வணக்கம். மல்லிகை விவசாயிகள் அன்றைய விலையைப் பார்க்கவும், கமிஷன் கடையில் போட்ட பூவின் எடையையும் வரவேண்டிய பணத்தையும் குறித்து வைக்கவும் ஒரு செயலி வடிவமைத்து வருகிறோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் பலரிடம் பேசிவிட்டோம். விலை நேரத்துக்கு நேரம் மாறுகிறது, போன் போட்டுக் கேட்டால்தான் தெரிகிறது என்று எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். ஐந்து பேர் போதும் என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். பன்னிரண்டு வேண்டும் என்கிறார் மற்றவர். எதை நம்பி நிறுத்துவது?

பதில் 1:
இரண்டு எண்களும் வெவ்வேறு வேலைக்கு உரியவை. ஒரு பயனர் சராசரியாக வடிவமைப்பிலுள்ள குறைகளில் 31 விழுக்காட்டைக் காட்டிக்கொடுப்பார் என்ற கணக்கை வைத்து, ஐந்து பேரே ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்வார்கள் என்று 2000-இல் எழுதியவர், இணையதளங்களையும் செயலிகளையும் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன். அது திரையைக் கையில் கொடுத்துச் சோதிப்பதற்கான கணக்கு. அதிலும், குறைகளைத் திருத்திவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்பதே அவர் வாதம். பன்னிரண்டு என்பது கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்திருக்கும். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை அலசியபோது, புதிய கருத்துகளில் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டிலேயே வந்துவிட்டன. ஆனால் ஓரளவு ஒரே தன்மையுள்ளவர்களிடம், ஒரே கேள்விகளைக் கேட்டுக் கண்ட முடிவு அது. உங்கள் ஆட்கள் அப்படி ஒரே வகையினர்தானா?

கேட்டவர்:
எல்லோருமே சொந்தமாகப் பூ கொண்டுவந்து இறக்கியவர்கள்.

பதில் 2:
அங்குதான் இடிக்கிறது. நான் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டிலும் பூத்தோட்டம் உண்டு. மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வாரக் கடைசியில் துண்டுச்சீட்டை வாங்கிக் கணக்கு முடிப்பவர்களை நீங்கள் மார்க்கெட்டில் நின்று எப்படிப் பார்ப்பீர்கள்? எடை, விலை, கமிஷன் கழிவு எல்லாம் கடைக்காரர் கையெழுத்தில் இருக்கும் அந்தச் சீட்டுதான் எங்களுக்கு நோட்டுப் புத்தகம். கடையில் முன்பணம் வாங்கியவருக்கு விலை தெரிந்து என்ன பயன்? வேறு கடைக்குப் பூவைத் திருப்ப முடியாதே! அவருக்கு வேண்டியது கடன் எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு. செயலியின் முதல் திரையில் எது வரவேண்டும் என்பதே இதனால் மாறும்.

பதில் 1:
அதே கேள்வியை அதே இடத்தில் மேலும் பத்துப் பேரிடம் கேட்பதால் புதிதாக எதுவும் வராது. அந்த வேலையை இன்றே நிறுத்திவிடலாம். பஸ்ஸில் அனுப்புபவர்கள், முன்பணம் வாங்கியவர்கள், சீட்டு எழுதும் கடைக்காரர்கள் ஆகிய மூன்று தரப்பிலும் சிலரையாவது பாருங்கள். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஏறும் நாட்களில் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், போன மார்கழிச் சீட்டுகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கிளம்புமுன், இன்னும் முடிவெடுக்க முடியாத விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து யார் என்ன சொன்னாலும் அந்தத் தாளில் எதுவும் மாறாது என்ற நிலை வந்தால், நேர்காணலை விட்டுவிட்டு மாதிரித் திரையோடு ஐவரைத் தேடிப் போகலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பஸ்ஸில் அனுப்புபவர்களை எந்த நேரத்தில் பார்க்கலாம்?

பதில் 2:
பூப் பறிக்கும் நேரத்தில் வராதீர்கள், யாரும் நின்று பேச மாட்டார்கள். மூட்டை ஏறியபின் டீக்கடைக்கு வாருங்கள். சீட்டையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள்.