புதுப்பிப்பு: மெட்ஸ் கதை முடிந்தது
செப்டம்பர் 12 அன்று பேஸ்பால் டிவிஷன் (லீகின் ஒரு பிரிவு) பட்டியலில் நியூயார்க் மெட்ஸ், நம் பிலடெல்பியா பிலீஸைவிட 7 ஆட்டம் முன்னால் இருந்தபோது, "இன்னும் 17 ஆட்டம் பாக்கி, நம் பிலீஸ் கணக்கை மூடாதீர்கள்" என்று இந்த இழையைத் தொடங்கினேன். சிரித்தவர்கள் இப்போது எங்கே?

இன்று, 2007 செப்டம்பர் 30. மெட்ஸின் பந்துவீச்சாளர் டாம் கிளாவின், 300 வெற்றிகளைத் தாண்டிய மனிதர், முதல் இன்னிங்ஸில் ஒரே ஓர் அவுட் மட்டும் எடுத்து மார்லின்ஸ் அணிக்கு 7 ரன் கொடுத்துவிட்டார். அதுவும் சொந்த மைதானமான ஷேயில்! நாம் நேஷனல்ஸ் அணியை 6-1 என்று முடித்தோம். மெட்ஸைத் தாண்டி, 1993க்குப் பிறகு நம் முதல் டிவிஷன் பட்டம்.

மெட்ஸ்மேல் பாவப்படச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு வரவில்லை. ஜனவரியில் நம் வீரர் ஜிம்மி ரோலின்ஸ் நாம்தான் வெல்லவேண்டிய அணி என்றபோது எத்தனை கேலி!

சரி, அடுத்து பிளே-ஆஃப் சுற்றில் நம் எதிரணி ராக்கீஸா, பாட்ரெஸா? நாளை தெரியும்.