மதுரையில் சனி, ஞாயிறு: அம்மாவுக்கு மூட்டு வலி, மகனுக்கு ஒன்பது வயது. எங்கே சாப்பிடலாம், எங்கே போகலாம்?

கோவைக்காரி:

வணக்கம். மதுரைக்காரர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவையில் பஸ் ஏறினோம். ஆரப்பாளையத்தில் இறங்கும்போதே பதினொன்றரை. ரூமில் பையை வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து, போனையெல்லாம் வெளியே கொடுத்துவிட்டு மீனாட்சி அம்மன் கோயில் வரிசைக்கு வந்தால், நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது, சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு 68 வயது. மூட்டு வலியோடு வெயிலில் சுடுகல்லில் நின்றார். பையன் பசியில் அழுகை. கண்ணில் பட்ட ஒரு ஹோட்டலில் நுழைந்தோம், ஆறிப்போன சாப்பாடு, மறுநாள் பையனுக்கு வயிறு சரியில்லை. அப்படியே திரும்பிவிட்டோம். "மீனாட்சியைப் பார்க்காமலே வந்துட்டேன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். சனி, ஞாயிறு இரண்டே நாள். அம்மா சைவம். கணவர் கறி, மீன் என்றால் உயிரை விடுவார். பையனுக்கு ஒரே இடத்தில் அரை மணி நேரம் தாண்டினால் சலித்துவிடும். கோயில், அழகர் கோயில், திருப்பரங்குன்றம், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், கீழடி அகழாய்வு மியூசியம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். இதை இரண்டு நாளில் எப்படி அடுக்குவது? போன தடவை எங்கே தப்பு செய்தோம் என்றும் சொல்லுங்கள்.

பரோட்டாப் பிரியன்:

சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு அக்கா. உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதியம் தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ் அல்லது குமார் மெஸ். அயிரை மீன் குழம்பு கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். அயிரை சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. உயிரோடு வாங்கி வந்து, பால் கலந்த தண்ணீரில் விட்டு மண்ணைக் கக்க வைத்துத்தான் குழம்பில் போடுவார்கள். முள் எடுக்கிற வேலை இல்லை, அப்படியே சாப்பிடலாம். புளியும் சின்ன வெங்காயமும் தூக்கலாக இருக்கும், சோறு எவ்வளவு போட்டாலும் போய்க்கொண்டே இருக்கும்.

ராத்திரிக்குச் சிம்மக்கல் கோனார் கடையில் கறிதோசை. கல்லில் தடிமனாக மாவு, அதன் மேல் முட்டை, அதற்கும் மேல் கொத்துக்கறி, அப்புறம் ஒரே திருப்பு. ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், எடுத்தவுடன் இரண்டு சொல்ல வேண்டாம். பன் பரோட்டா வேண்டுமென்றால் ஆவின் சந்திப்புப் பக்கம் போகணும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு மாதிரி. சால்னாவை ஊற்றி ஊற வைக்காமல் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பையனுக்கு விளக்குத்தூண் ஜிகர்தண்டா.

மாசிவீதி வாசி:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. வயதானவரை அந்த வெயிலில் நிறுத்தியது எங்கள் ஊர்.

தப்பு உங்கள் பேரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி, நான்கு மணிக்குத்தான் திறக்கும். காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்புகிற எல்லோருமே அந்த அடைத்த கதவுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். மதுரை விடியற்காலையிலும் ராத்திரியிலும் வாழ்கிற ஊர். தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. அப்படி விழித்திருக்கிற ஊர் மதியத்தில்தான் கொஞ்சம் கண்ணயரும். நீங்களும் அந்த நேரத்தில் படுத்துவிடுங்கள்.

அதே பஸ்ஸிலேயே வாருங்கள், ஆனால் வந்ததும் கோயிலுக்கு ஓடாதீர்கள். சாப்பிட்டுவிட்டு நான்கு மணி வரை அம்மா கால் நீட்டிப் படுக்கட்டும். ரூமை மட்டும் மாசி வீதிகளுக்கு உள்ளேயே போடுங்கள். மாட்டுத்தாவணிப் பக்கம் வாடகை குறைகிறதே என்று போட்டால் நடுவில் ஓய்வெடுக்கத் திரும்பிப் போகவே முடியாது, அந்தக் காசும் ஆட்டோவுக்குப் போய்விடும். சித்திரை வீதியில் வண்டி விடமாட்டார்கள். கடைசித் தூரம் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே ஆட்டோக்காரரிடம் "கோயில்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கோபுர வாசல் என்று சொல்லி ஏறுங்கள். போனை ரூமிலேயே வைத்துவிட்டு வந்தால் ஒரு வரிசை மிச்சம். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வாசலில் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கட்டணத் தரிசன வரிசையும் உண்டு, அவருக்காக அதை எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் சொல்ல வந்தது பள்ளியறை பூஜை. இரவு ஒன்பது மணிக்குள் சுவாமி சன்னதிப் பக்கம் வந்துவிடுங்கள். சொக்கநாதரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரம் முழங்க, சாம்பிராணிப் புகையோடு அம்மன் சன்னதிக்கு எடுத்துப் போவார்கள். பகலில் இருக்கிற நெரிசல் அப்போது இருக்காது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன், பல்லக்கு திரும்புகிற இடத்தில் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். போன தடவை பார்க்காமல் போன உங்கள் அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள்.

சுற்றுலாத் தம்பி:

பட்டியலைக் குறைக்க வேண்டாம் அக்கா. ஒரு கார் பேசிவிட்டால் சனி மதியம் திருப்பரங்குன்றம், சாயங்காலம் மகால், ஞாயிறு காலை அழகர் கோயில், மதியம் கீழடி, திரும்பும்போது காந்தி மியூசியம். நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் இப்படித்தான் பார்த்தோம். அழகர் கோயில் தோசைப் பிரசாதம் வாங்காமல் வராதீர்கள். நெய்யில் வெந்து கெட்டியாக இருக்கும், மிளகு காரம், இரண்டு நாள் வைத்தும் சாப்பிடலாம்.

மாசிவீதி வாசி:

தம்பி, ஐந்து இளவட்டங்கள் போவது வேறு, மூட்டு வலிக்காரரும் குழந்தையும் போவது வேறு. அழகர் கோயில் ஊருக்கு வடக்கே 20 கிலோமீட்டர், கீழடி தென்கிழக்கே. காரிலேயே நாள் போய்விடும். பையனுக்குப் பிடித்ததாக ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அது போதும். தோசை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

வண்டியூர் டீச்சர்:

பையனைப் பற்றி நான் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு தினமும் இருக்கிறேன்.

சனி மதியம் அம்மா ஓய்வெடுக்கிற நேரத்தில் அவனைப் புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். 2023 ஜூலையில் திறந்தது. முழுக்க ஏசி. சிறுவர் பிரிவு தனியாக இருக்கிறது, படம் போட்ட புத்தகங்களோடு தொட்டுப் பார்க்கிற அறிவியல் சாதனங்களும் உண்டு. வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் எனக்குத் தெரியாது. அரசு விடுமுறை நாளா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அப்பாவும் அங்கேயே வந்துவிடலாம்.

கீழடியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டித் திரும்பணும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஞாயிறு காலை போங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் நேராகப் பானை, தங்கம் என்று காட்டுகிறார்கள், பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நீங்கள் முதலில் பகடைக்காயையும் வட்டச் சில்லுகளையும் காட்டுங்கள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லு, நம் பிள்ளைகள் பாண்டி விளையாட எடுக்கிற அதே மாதிரி. என் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "டீச்சர், இதை யார் தொலைச்சது?" என்று கேட்டான். அதற்கப்புறம் பானை ஓட்டில் கீறிய "ஆதன்" என்ற பெயரை அவனே எழுத்துக்கூட்டிப் பார்த்தான். அந்தக் காலத்து எழுத்து இன்றைய எழுத்து மாதிரி இருக்காது, பக்கத்தில் இருக்கிற விளக்கத்தை வைத்துத்தான் படிக்கணும். பிள்ளைகளுக்கு அது ஒரு புதிர் மாதிரி.

கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாரைக் காட்டி, தெப்பக்குளத்துக் கதையைச் சொல்லுங்கள். 1645-இல் திருமலை நாயக்கர் அந்தக் குளத்தை வெட்டியபோது கிடைத்தவர் என்று சொல்வார்கள். விநாயகர் சதுர்த்திக்கு அவருக்கு மூன்று குறுணி அரிசியில், அதாவது 18 படியில், ஒரே கொழுக்கட்டை. சின்னப் பிள்ளைகள் இந்தக் கணக்கை மறக்கவே மாட்டார்கள். ஞாயிறு கீழடியிலிருந்து திரும்பும் வழியில் அந்தக் குளத்தையே நேரில் காட்டிவிடலாம். நீங்கள் வரும் மாதம் படகு ஓடினால் அவனுக்கு இன்னும் கொண்டாட்டம்.

சௌராஷ்டிர வீட்டுப் பெண்:

எல்லோரும் கறியும் மீனுமாகச் சொல்லிவிட்டீர்கள், சைவக்கார அம்மாவைக் கவனிக்க ஆள் இல்லையே.

சாயங்காலம் எங்கள் ஆட்கள் இருக்கிற தெருக்களில் முள்ளுமுருங்கை வடை போடுவார்கள். பார்க்கப் பச்சை நிறத்தில் சின்னப் பூரி போல இருக்கும். முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்து, தட்டி, எண்ணெயில் போட்டு எடுத்து, சூட்டோடு மேலே மிளகாய்ப் பொடியைத் தூவித் தருவார்கள். ஆறினால் தோல் மாதிரி இழுக்கும், அங்கேயே நின்று சாப்பிட்டுவிடணும். சளிக்கும் நல்லது என்று எங்கள் பாட்டி சொல்வார்.

மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பமும் காரச் சட்னியும் கேளுங்கள். கோயில் வாசலிலேயே இருப்பதால் அம்மா அதிகம் நடக்க வேண்டாம். ராத்திரிக்கு இட்லி போதும். நாலு வகைச் சட்னியோடு வாழை இலையில் வரும், இந்த ஊர் இட்லியைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, பருத்திப்பால். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தில் சூடாக வைத்திருப்பார்கள். பருத்திக்கொட்டையை ஊற வைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சியது. மேலே தேங்காய்த் துருவல். அலைச்சலுக்கு அப்புறம் அம்மாவுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் இதுவும் வேண்டாம், ஜிகர்தண்டாவும் வேண்டாம்.

மாசிவீதி வாசி:

மகால் பற்றி ஒரு வார்த்தை. 1636-இல் கட்டியது, இப்போது நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான் என்கிறார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவில் பையனை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். இரவில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. பராமரிப்பு வேலை நடந்தால் நிறுத்தி வைத்திருப்பார்கள், அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்குப் போனால் பள்ளியறை பூஜைக்கு ஓடணும். ஆகவே மகாலை ஞாயிறு சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள், அல்லது அடுத்த தடவைக்கு விடுங்கள்.

கோவைக்காரி:

போய்விட்டு வந்தோம். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அழகர் கோயிலையும் திருப்பரங்குன்றத்தையும் விட்டுவிட்டோம், மகாலும் அடுத்த தடவைக்கு. மேல மாசி வீதிக்குப் பக்கத்தில் ரூம். சனி மதியம் இட்லி சாப்பிட்டுவிட்டு அம்மா மூன்றரை வரை தூங்கினார். பையனை நூலகத்திலிருந்து கிளப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கணவர் அயிரை மீனைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலமே ஒரு தரிசனம் ஆனது. சக்கர நாற்காலி கேட்டோம், அம்மாதான் வேண்டாம் என்று நடந்தே வந்தார். வெள்ளையப்பம் சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்து, எட்டரைக்கு மறுபடி போனோம். பல்லக்கு வந்தபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து சித்திரை வீதியில் திண்ணை மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்து, இரண்டு முழம் மல்லி வாங்கி, ஒன்றை எனக்கு அவரே வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் எனக்குப் பூ வைத்துவிட்டது எனக்கு நினைவில்லை.

கீழடியில் டீச்சர் சொன்னபடி சில்லில்தான் ஆரம்பித்தோம். ஒன்றேகால் மணி நேரம் இருந்தான். முள்ளுமுருங்கை வடை மட்டும் கிடைக்கவில்லை, நாங்கள் போனபோது முடிந்துவிட்டது என்றார்கள்.

இப்போது ஒரு சந்தேகம். பையன் ஜிகர்தண்டா வீட்டில் வேண்டும் என்று அடம். பாதாம் பிசின் வாங்கிவிட்டேன். நேற்று அரை மணி நேரம் ஊற வைத்துப் போட்டேன், கல் கல்லாக இருக்கிறது. என்ன செய்ய?

சௌராஷ்டிர வீட்டுப் பெண்:

அரை மணி பத்தாது. ராத்திரி முழுக்க ஊறணும். நாலு பேருக்கு ஒரு ஸ்பூன் பிசின் தாராளம், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விடுங்கள், காலையில் பொங்கி நிற்கும். அப்புறம் அலசி, உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியைக் கையால் எடுத்துவிடுங்கள். பால் பாதியாகச் சுண்டி லேசாகப் பழுப்பு நிறம் வரும் வரை சிறு தீயில் காயட்டும், அதை நன்றாகக் குளிர வையுங்கள். டம்ளரில் முதலில் பிசின், அடுத்து நன்னாரி சர்பத், அதன் மேல் பால், கடைசியில் ஐஸ்கிரீம்.

வடைக்கு அடுத்த தடவை ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள்.